கட்டைவிரலுக்கு மட்டும் தெரிகிற சீட்டு

கத்திரிக்கோல்! கத்திரிக்கோலை வைத்துச் சீட்டை வெட்டுகிறாள் அந்தப் பெண். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கைப்பேசியில் யாரோ அனுப்பிய வீடியோ அது. 'வீட்டிலேயே செய்யலாம் மேஜிக் சீட்டு' என்று தலைப்பு. சின்னப் பெண்தான். நகத்துக்குப் பச்சைச் சாயம், பின்னால் கலர் கலராக விளக்கு. புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்து, காகிதப் பொம்மை வெட்டுவது மாதிரி சரக் சரக்கென்று ஓரத்தை நறுக்கித் தள்ளுகிறாள். "ரொம்ப ஈஸி ஃப்ரெண்ட்ஸ்" என்கிறாள். எங்கள் மாஸ்டர் இருந்து இதைப் பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார். எழுந்துபோய்க் கை கழுவியிருப்பார். அவர் கோபத்தின் உச்சம் அதுதான்.

மனசு கேட்காமல் கீழே எழுதிப் போட்டேன்: 'பாப்பா, முதலில் அந்தக் கத்திரிக்கோலைக் கீழே வை.' கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'ஆன்ட்டி, நீங்க மேஜிக் லைனா? எப்படிப் பண்ணணும்னு நீங்களே எழுதுங்களேன். எங்க குரூப்ல எல்லாரும் படிப்போம்.' கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. கிண்டலாகவே இருக்கட்டும், எழுதிவிடுகிறேன். ஏனென்றால் இந்தத் தை மாதம் எனக்கு வேறொரு அதிர்ச்சி கிடைத்தது. அதற்கு முன்னால் இந்தக் கத்திரிக்கோல் எல்லாம் தூசு. அதை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

என் பெயர் சரோஜா. பெரம்பலூரில் இருக்கிறேன். பள்ளிக்கூடங்களிலும் திருவிழாக்களிலும் மேஜிக் காட்டிய ஒரு குழுவில் சீட்டு செய்கிற வேலை பார்த்தவள். முழங்கால் மடங்க மாட்டேன் என்ற பிறகு வீட்டோடு இருக்கிறேன். மேடையில் பெட்டிக்குள் படுத்ததும் உண்டு, புறாவுக்குத் தீனி வைத்ததும் உண்டு. ஆனால் சம்பளம் சீட்டுக்குத்தான். ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவுக்கும் போயிருக்கிறோம், கல்லங்குறிச்சித் தேருக்கும் போயிருக்கிறோம். எந்தச் சாமியும் எங்களை விரட்டியதில்லை.

குழுவில் சேரும் முன்னால் ஒரு நோட்டு பைண்டிங் கடையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். குழுவை நடத்திய மாஸ்டர் ஏதோ அட்டை வெட்ட வந்தார். நான் வெட்டிக் கொடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஓரம் தடவினார். "நாளையிலேருந்து நம்மகிட்ட வந்துடுறீங்களா?" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ. அதன்பிறகு பழகியது, அழுதது, விரலைக் கிழித்துக்கொண்டது எல்லாவற்றையும் நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே எனக்கு மூச்சு நின்றுவிட்டது. புதுச் சீட்டுக்கட்டு ஒன்றைப் பிரித்து, வெதுவெதுப்பான தண்ணீர்ச் சட்டியில் மனுசன் அப்படியே கவிழ்த்துவிட்டார். "ஐயோ சார், நனையுது சார்!" என்று கத்தினேன். "நனையத்தானே போட்டேன்" என்றார். ஊறிய சீட்டை எடுத்து, மூலையில் நகத்தைக் கொடுத்து, வெங்காயத் தோலை உரிப்பது மாதிரி இரண்டாக உரித்தார். அப்போதுதான் எனக்குத் தெரியும், ஒரு சீட்டு என்பது ஒரு காகிதம் இல்லை, ஒட்டிவைத்த காகிதங்கள் என்று. ஒரு சீட்டின் முகத்தையும் இன்னொரு சீட்டின் முகத்தையும் முதுகோடு முதுகு ஒட்டினால் இரண்டு பக்கமும் முகம். இந்தப் பக்கம் ராஜா, திருப்பினால் ஜாக்கி. ஜனங்கள் வாயைப் பிளக்கிறார்களே, விஷயம் இவ்வளவுதான்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை. அதில் துளி மயில்துத்தம் போட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி அரித்துவிடும். கடைப்பசை வேண்டாம், காய்ந்ததும் விறைத்துக்கொள்ளும். ஒட்டியதைத் துணிக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக்கல்லை ஏற்றிவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும். நிழலில், முறத்தில் பரப்பி வையுங்கள். வெட்டுவதற்குக் கண்ணாடிப் பலகை, இரும்பு ஸ்கேல், புது ஷேவிங் பிளேடு. ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்புக்குக் கை போனால் அந்தச் சீட்டைக் குப்பையில் போடுங்கள். ஓரத்தைத் தேய்ப்பதற்கு உப்புத்தாள், அதுவும் ஏற்கெனவே தேய்ந்த உப்புத்தாள். மூலைக்கு நகவெட்டி. கடைசியில் முகப் பவுடர் ஒரு சிட்டிகை. பாப்பா, இதில் எங்கேயாவது கத்திரிக்கோல் வந்ததா?

எங்கள் குழுவின் சோறு 'ராணிக் கட்டு'. ஒரு கட்டில் பாதி வெவ்வேறு சீட்டு, மீதிப் பாதி அத்தனையும் ஆர்ட்டின் ராணி. ராணிகளை மட்டும் மயிரிழை குட்டையாக வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்று அடுக்க வேண்டும். கட்டைவிரலால் ஒரு பக்கம் விசிறினால் எல்லாம் வேறு வேறு சீட்டாகத் தெரியும். மறுபடி விசிறி எங்கே நிறுத்தச் சொன்னாலும் அங்கே ராணிதான் இருப்பாள். இதற்காக நாங்கள் கட்டுக் கட்டாக வாங்கி, ராணியை மட்டும் உருவிக்கொள்வோம். மிச்சக் கட்டுகளை என் வீட்டுக்காரர் தன் கூட்டாளிகளுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் ரம்மி ஆடிவிட்டு அவர்களுக்குள் அடிதடி, எந்தக் கட்டிலும் ராணியைக் காணோம் என்று.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லி ஆள். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. வேலைக்கு உட்காரும் முன்னால் கை கழுவித் துடைத்து, ஈரம் போகும்வரை இரண்டு கையையும் காற்றில் பிடித்துக்கொண்டு நிற்பார். பழகிய பிறகு என்னை 'நீ' என்று கூப்பிட்டால் எல்லாம் நலம். 'நீங்க' என்று ஆரம்பித்தால் தொலைந்தேன். மரியாதை ஏற ஏறக் கோபம் ஏறுகிறது என்று அர்த்தம். சீட்டு சரியில்லை என்றால் திட்ட மாட்டார். அதை நடுவில் மடித்து, எனக்குக் கொடுக்க வைத்திருக்கும் டீ டம்ளர் மேல் மூடி வைப்பார். டீயைக் குடிக்கவும் முடியாது, குடிக்காமல் இருக்கவும் முடியாது. இப்படி எத்தனை டீயை ஆறவிட்டிருக்கிறேன்!

ஒரு தடவை எங்கள் தெருவில் எவரோ புண்ணியவான் போலீஸுக்குச் சொல்லிவிட்டார், இந்த வீட்டில் சூதாட்டம் நடக்கிறது என்று. கான்ஸ்டபிள் ஒருவர் திடுதிப்பென்று உள்ளே வந்துவிட்டார். கூடத்தில் முறம் முறமாகச் சீட்டு. அவர் குனிந்து ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், முறத்தையே கிளறினார்.

"எல்லாம் ஆர்ட்டின் ராணியால்ல இருக்கு?"

"ஆமாங்க சார்."

"இத வச்சு எப்படிம்மா ரம்மி சேரும்?"

"சேராதுங்க சார். அதத்தான் நானும் சொல்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மாஸ்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "இன்னைக்கு வந்தவரு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. நாளைக்கு இந்தக் கட்டையே தேடி ஒருத்தன் வருவான் பாருங்க, அவன் சிரிக்க மாட்டான்" என்றார். வந்தான். பாடாலூர் பக்கம் ரோட்டோரக் கடை வைத்திருந்த ஒரு ஆள், பைக்கில் வந்து இறங்கினான். சூதாடி ஜெயிக்க ஒரு கட்டு வேண்டும், கேட்டதைத் தருகிறேன் என்றான். மாஸ்டர் எழுந்துபோய்க் கை கழுவினார். அந்த ஆள் புரியாமல் உட்கார்ந்திருந்தான். நான்தான் வாசலைக் காட்டினேன். அன்றைக்கு மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். நம்ம சீட்டு மேடையை விட்டுக் கீழே இறங்கக் கூடாது, யார் கேட்டாலும் கூடாது, அண்ணன் தம்பி கேட்டாலும் கூடாது.

அந்தச் சட்டத்துக்குச் சோதனை என் அக்கா ரூபத்தில் வந்தது.

அஞ்சலை என் பெரியம்மா மகள். அரியலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டவள். கடலைக் கொல்லை, மாடு, அடுப்படி, இதுதான் அவள் உலகம். மூத்த மகன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினான், விபத்தில் போய்விட்டான். அவன் பெண்டாட்டி தமிழரசி, நர்ஸுக்குப் படித்த பெண். கழுத்து வெறுமையாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை, மாமனார், அதாவது எங்கள் அத்தான், ஆரம்பித்துவிட்டார். வூட்டு மருமவ வூட்டுலயே இருக்கட்டும், சின்னவன் குமாருக்கே கட்டி வச்சுருவோம் என்று. அரசிக்கோ திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. அவள் அம்மா அழுதாள், மாமனார் கத்தினார், பஞ்சாயத்து முடியவில்லை. கடைசியில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், தெவசம் முடிந்ததும் அய்யனாரிடம் சீட்டுக் கேட்டுவிடலாம் என்று.

அந்தக் குடும்பத்தில் சீட்டுக் கேட்பது இப்படி. முன்னெல்லாம் சிவப்பு அரளி, வெள்ளை மல்லி, இரண்டையும் இலையில் கட்டிப் போட்டு எடுப்பார்களாம். மல்லி வாசனை காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று எவனோ கிளப்பிவிட்டதால் அட்டைக்கு மாறினார்கள். ஒரு சிவப்பு அட்டை, ஒரு வெள்ளை அட்டை, ஒரே அளவு. வீட்டுக்கு மூத்த சுமங்கலிதான் அட்டையைக் கொண்டுவர வேண்டும். பெரியவர்கள் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரம் பார்த்துவிட்டுப் பித்தளைத் தவலைக்குள் போடுவார்கள். அதே சுமங்கலி கண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். சிவப்பு வந்தால் அய்யனார் சரி என்றார், வெள்ளை வந்தால் வேண்டாம் என்றார். எடுத்த பிறகு மறுவார்த்தை கிடையாது. சிவப்பு வந்தால் அரசி குமாருக்கு. வெள்ளை வந்தால் அரசி திருச்சிக்கு.

மூத்த சுமங்கலி எங்கள் அஞ்சலை அக்காதான். ஒருநாள் மத்தியானம் ஒரு பை கடலையோடு என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"சரோசா, சீட்டுல நீங்க நெனச்சதே வர வைப்பீங்களாமே?"

"மேடையில வர வைப்போங்க்கா."

"எனக்கு ஒண்ணு வர வைக்கணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நீயுமாக்கா? அந்தப் பொண்ணு அழுத கண்ணு காயல. இன்னொருத்தன் கையில புடிச்சுக் குடுக்க அய்யனாரையே ஏமாத்தச் சொல்றியா? நீயெல்லாம் பொம்பளையா? ஒனக்கு ஈரமே இல்லியா?" என்று பொரிந்து தள்ளினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"செவப்பு இல்லடி" என்றாள். "வெள்ள வரணும்."

பெற்ற மகனுக்கு எதிராக ஒரு மாமியார் மருமகள் பக்கம் சீட்டுக் கேட்டு வருவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"ஏங்க்கா?"

"வேணாம். குமாருக்கு வேணாம்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அத்தான்கிட்ட வாயத் தொறந்து சொல்லிப் பாக்கலாம்ல?"

"எங்க வூட்ல நான் என்னத்தடி பேசியிருக்கேன்? சோறு ஆச்சும்பேன். மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சும்பேன். அத வுட்டா என்ன பேசியிருக்கேன், நீயே சொல்லு."

"அய்யனாரு கோவிச்சுக்குவாருக்கா."

"கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட கோவிச்சுக்கட்டும்."

நானாக எதுவும் செய்ய மாட்டேன் என்று அவளை நேரே மாஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தவர், எழுந்துபோய்க் கை கழுவினார். முடிந்தது கதை என்று அக்காவின் கையைப் பிடித்துக் கிளம்பப் பார்த்தேன். அவர் திரும்பி வந்தார். இரண்டு கையையும் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றார். ஈரம் காய்ந்ததும் கண்ணாடிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"மாஸ்டர், மேடைய வுட்டு இறங்கக் கூடாதுன்னு நீங்கதானே…"

"கண்ணக் கட்டுறாங்க. சுத்தி ஜனம் நிக்குது. நடுவுல ஒருத்தர் சீட்டு எடுக்கப் போறாங்க. இது மேடை இல்லாம வேற என்ன சரோஜா? உப்புத்தாள எடு நீ."

அவர் செய்ததிலேயே பெரிய வேலை அதுதான் என்று சத்தியம் பண்ணுவேன். இரண்டு அட்டையையும் ஒரே அளவாக வெட்டினார். குட்டையாக வெட்டினால் பெரியவர்கள் அடுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் அளவில் கைவைக்கவில்லை. வெள்ளை அட்டையின் ஒரே ஒரு ஓரத்தை மட்டும் தேய்ந்த உப்புத்தாளில் தேய்த்தார். தேய்த்தார் என்றுகூடச் சொல்லக் கூடாது, தடவிக் கொடுத்தார். சிவப்பின் ஓரம் வெட்டினபடி கூராக இருக்கும், வெள்ளையின் அந்த ஓரம் மட்டும் மழுங்கி இருக்கும். கண்ணில் ஒற்றிக்கொண்டு பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. கட்டைவிரலுக்கு மட்டும் தெரியும். எனக்கும் கண்ணை மூடித் தடவக் கொடுத்தார். தெரிந்தது. ஆனால் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி, அவ்வளவு நைசு.

பிறகு அக்காவிடம் கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள்.

"தெரியுதாம்மா?"

"தெரியுதுங்க."

"நல்லாத் தெரியுதா?"

"தெரியுதுங்க."

இரண்டையும் கலந்து வெள்ளையை எடுத்துக் காட்டச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதோடு, வயசான மனுசியைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பரீட்சை வைக்க எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

சீட்டுக் கேட்கும் நாளில் நானும் போனேன். ஊருக்கு வெளியே கொல்லைகளுக்கு நடுவில் அய்யனார் கோயில். இரண்டு பக்கமும் மண்குதிரை. உறவுக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அரசி அவள் அம்மா பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். குமார் மாப்பிள்ளை மாதிரி புதுச்சட்டை போட்டுக்கொண்டு பைக்கில் சாய்ந்து நின்றான். அவனுடைய அக்காவும், அதாவது அஞ்சலையின் மகளும், தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை போடுகிற வயசுப் பெண்.

மாமனார் இரண்டு அட்டையையும் வாங்கி அடுக்கிப் பார்த்தார், வெயிலில் தூக்கிப் பார்த்தார், மூக்கில் வைத்து மோந்துகூடப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. பூசாரி தவலைக்குள் போட்டுக் குலுக்கினார். மஞ்சள் துணியால் அக்காவின் கண்ணைக் கட்டினார்கள். அவள் கையை உள்ளே விட்டாள்.

எடுத்துவிடுவாள், எடுத்துவிடுவாள் என்று பார்க்கிறேன். கை வெளியே வரவில்லை. உள்ளே விரல் துழாவுவது முழங்கை அசைவில் தெரிகிறது. மாமனார் பக்கத்தில் நின்ற உறவுக்காரரிடம் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். "எது வந்தாலும் சரிதான் மாப்ள. வெள்ள வந்தா குமாருக்கு அவன் அக்கா மவ இருக்கா. முறைதானே? வைகாசியில முடிச்சுருவோம்." கேட்டேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கண்ணெல்லாம் அந்தத் தவலையில்.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. ஐயோ, அக்காவின் விரல்! களை பிடுங்கிக் களை பிடுங்கி, கடலை உடைத்து உடைத்து, காய்ச்சுப்போய்ப் பாளம் பாளமாக வெடித்த விரல். மாஸ்டர் விரல் பூ மாதிரி. அவர் விரலுக்கு அளவெடுத்துச் செய்த சீட்டை இவள் கையில் கொடுத்திருக்கிறோமே! பெரிய மனுசர் கேட்கிறாரே, தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டுத் தலையாட்டியிருக்கிறாள்.

கை வெளியே வந்தது. சிவப்பு.

குலவை போட்டார்கள். அரசி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். குமார் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"என்ன வந்திருக்கு?" என்று அக்கா கண் கட்டோடு கேட்டாள்.

"செவப்பு தாயி. அய்யனாரு உத்தரவு குடுத்துட்டாரு" என்றார் பூசாரி.

அக்கா துணியை அவிழ்த்தாள். சிவப்பு அட்டையைப் பார்த்தாள். அதை அய்யனார் காலடியில் வைத்துவிட்டு, மறுபடியும் தவலைக்குள் கைவிட்டு வெள்ளை அட்டையை எடுத்தாள். குலவை பாதியில் நின்றது.

"என்னடி பண்ற?" என்று மாமனார் கத்தினார்.

"அய்யனாரு செவப்பு சொல்லிட்டாரு, சரி. குமாரப் பெத்தது அய்யனாரு இல்ல, நான். நான் வெள்ள சொல்றேன்."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை.

"பெரியவன் கருமாதி அன்னிக்கே இவன் இவ கையப் புடிச்சு இழுத்தான். மாட்டுக் கொட்டாயில வச்சு இழுத்தான். இவ கத்துனா. அதுக்கு இவள அடிச்சான். நான் பாத்தேன். பாத்துட்டு, அடுப்ப ஊதிக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கும் அடி பழக்கந்தானே. இந்த வூட்ல எந்தப் பொண்ணு வந்தாலும் இவன் கையில அதத்தான் திங்கணும். கேட்டுக்குங்க எல்லாரும். பெத்தவ சொல்றேன்."

மாமனார் கை ஓங்கிக்கொண்டு வந்தார். பூசாரி கிழவர் குறுக்கே விழுந்தார். "அய்யனாரு முன்னாடி கை ஓங்குறியா? எறக்கு!"

"அய்யனாரு வாக்க மீறுறா, சாமிக் குத்தம் ஆயிரும்டா!" என்று யாரோ கூவினார்கள்.

"குத்தம்னா என்னையக் கேக்கட்டும்" என்றாள் அக்கா. "கண்ணக் குத்துறாரா, காலப் புடுங்குறாரா, செய்யட்டும். நான் இங்கனயேதான் நிக்கிறேன்."

நின்றாள். அய்யனார் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. குமார் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான், ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? அவனுடைய அக்கா தன் மகளை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். அரசி எழுந்து வந்து மாமியாரின் கையிலிருந்து வெள்ளை அட்டையை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அரியலூர் பஸ்ஸில் அரசியும் அவள் அம்மாவும் நானும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்து வந்தோம்.

மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தார்.

"நீ அவங்க விரலப் பாத்தியா சரோஜா?"

"இல்லீங்க மாஸ்டர்."

"நானும் பாக்கல. சீட்டத்தான் பாத்தேன். தெரியுதுன்னு அவங்க நமக்காகச் சொல்லியிருக்காங்க. நம்ம மனசு நோகக் கூடாதுன்னு."

அன்றிலிருந்து மனுசன் மாறிவிட்டார். அவ்வளவு நைசான வேலை அதற்குப் பிறகு அவர் செய்யவே இல்லை. மேடைக்கு யாரைக் கூப்பிட்டாலும் முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பார். படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில்கூட என்னிடம் சொன்னார், "நான் பண்ணுனதுலயே நல்ல சீட்டு தோத்துப்போச்சு, இல்ல?" நான் போர்வையைச் சரிசெய்தேன்.

இப்போது இந்தத் தைக்கு வருகிறேன். அத்தான் காலமாகி வெகுநாள் ஆகிறது. அக்கா திருச்சியில் அரசியோடுதான் இருக்கிறாள். மகள் வீடு இருக்கும்போது மருமகள் வீட்டில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாய் ஓய்ந்துவிட்டது. பொங்கலுக்கு அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா கிண்டலுக்குச் சொன்னேன்.

"இந்தக் காய்ச்சுப்போன விரலாலதான் எங்க மாஸ்டரோட வேல வீணாப்போச்சு."

அவள் நிமிர்ந்தாள். "என்ன வீணாப்போச்சு?"

"அந்த வெள்ள அட்டதான். ஒன் விரலுக்குத் தெரியாமத்தானே செவப்ப எடுத்த?"

"யாருடி சொன்னா தெரியலன்னு?" என்றாள். "பருப்பில்லாத பொக்குக் கடலைய விரல்லயே பாத்து ஒதுக்குறவ நான். எனக்கா தெரியாது? கைய வுட்ட ஒடனே தெரிஞ்சுது. வெள்ளையப் புடிச்சுட்டேன். எடுக்கப் போறேன், அப்பத்தான் ஒங்க அத்தான் அந்தப் பேச்சப் பேசுனாரு. வெள்ள வந்தா குமாருக்கு அக்கா மவ இருக்கான்னு. நீ கேக்கல?"

கேட்டேன் என்று தலையாட்டினேன்.

"வெள்ளைய எடுத்தா அரசி தப்பிச்சுருவா. அய்யனாரு வேணாம்னாரு, அதோட பேச்சு முடிஞ்சுரும். அவன் பண்ணுனது யாருக்கும் தெரியாது. வைகாசியில என் பேத்திய அவனுக்குக் கட்டிருப்பாங்க. அதான் வெள்ளைய உள்ளயே வுட்டேன். செவப்பு வந்தாத்தான் நான் வாயத் தொறந்தாவணும். வேற வழி வச்சுக்கக் கூடாதுன்னுதான் எடுத்தேன்."

இத்தனை வருசம்! நான் மேடையில் பார்த்த வித்தையெல்லாம் எந்த மூலைக்கு? கூடவே மாஸ்டர் முகம் வந்து நின்றது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"அடிப்பாவி அக்கா! அந்த மனுசன் சாவுற வரைக்கும் தன் சீட்டு தோத்துப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேந்தாருடி! ஒனக்குத் தெரிஞ்சுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனேடி" என்றாள் அவள். "தெரியுதாம்மான்னு கேட்டாரு. தெரியுதுங்கன்னேன். மறுக்காவும் கேட்டாரு. மறுக்காவும் தெரியுதுங்கன்னேன். நீங்க ரெண்டு பேருந்தான் நம்பல."